ஸ்பாம் வடிகட்டிக்கு ஒரு பராமரிப்பு ஸ்கிரிப்ட்: தொடக்கம் முதல் கிரான் வரை

மூன்று மாதம் என் பராமரிப்பு ஸ்கிரிப்ட் தினமும் இரவில் தவறாமல் ஓடியது. லாகில் ஒரு பிழைகூட இல்லை. இத்தனை மெயிலைக் கற்றேன் என்று தினமும் ஒரு வரி எழுதிவைக்கும். ஆனாலும் ஒரே மாதிரியான ஸ்பாம் மறுபடி மறுபடி இன்பாக்ஸில் வந்து விழுந்துகொண்டே இருந்தது. தேடிப் பார்த்தால் காரணம் அசட்டுத்தனமானது. ஸ்கிரிப்ட் ரூட் யூசராக, அதாவது சர்வரின் முழு அதிகாரம் கொண்ட கணக்காக, ஓடியிருக்கிறது, கற்றதெல்லாம் ரூட்டின் ஹோம் அடைவில் போய்ச் சேர்ந்திருக்கிறது. மெயிலைச் சோதிக்கும் ஸ்பாம்டி, அதாவது ஸ்பாம்அசாசின் என்ற வடிகட்டியின் பின்னணிச் சேவை, வேறொரு யூசரின் தரவுத்தளத்தைப் படித்துக்கொண்டிருந்தது. படித்தது ஒருவன், பரீட்சை எழுதியது வேறொருவன்.

இந்த வேலையில் நின்றுபோகும் ஸ்கிரிப்டைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. நின்றால் தெரிந்துவிடும். தவறான வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டே இருக்கும் ஸ்கிரிப்ட்தான் ஆபத்து. கீழே வரும் படிகளில் பாதி அதைப் பிடிப்பதற்காகவே இருக்கின்றன.

ஸ்பாம்அசாசினை வைத்து விளக்குகிறேன். மெயில் சேமிப்பு மெயில்டிர் வடிவத்தில் (ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு), டவ்காட் என்ற மெயில் சர்வரின் கீழ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி எழுதுகிறேன், சரியான எழுத்துக்கூட்டல் அந்தந்த மேன் பக்கத்தில், அதாவது கட்டளையின் கையேட்டில், இருக்கும். முழு ஸ்கிரிப்டை இங்கே ஒட்டவில்லை. மெயிலை அழிக்கும் ஸ்கிரிப்டை எங்கிருந்தோ நகலெடுத்து ஓட்டுவது நல்ல பழக்கமில்லை. ஒவ்வொரு வரியும் எதற்கு என்று தெரிந்தால் எழுதுவது ஒரு மாலை நேர வேலைதான்.

## எழுதும் முன்

முதலில், உங்கள் விநியோகம் ஏற்கெனவே என்ன செய்கிறது என்று பாருங்கள். டெபியன் குடும்பத்தில், ஸ்பாமை அடையாளம் காணும் விதிகளைத் தினமும் புதுப்பிக்கும் வேலை தொகுப்போடு சேர்ந்தே வருகிறது. பதிப்பைப் பொறுத்து அது கிரான் வேலையாகவோ சிஸ்டம்டி டைமராகவோ இருக்கும், இரண்டும் குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டுபவை. அது ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது படியை விட்டுவிடலாம். ஒரே வேலையை இரண்டு பேர் செய்தால் என்றாவது ஒருநாள் மோதிக்கொள்வார்கள்.

அடுத்தது யூசர். பிராசஸ் பட்டியலில் ஸ்பாம்டியின் குழந்தைப் பிராசஸ்கள் எந்த யூசராக ஓடுகின்றன என்று பாருங்கள். பிறகு அமைப்புக் கோப்பில், கற்றதைச் சேமிக்கும் இடத்தைச் சொல்லும் பேயஸ் பாத் என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் தரவுத்தளம் அந்த இடத்தில் இருக்கிறது. இல்லையென்றால் அந்த யூசரின் ஹோமுக்குள், புள்ளியில் தொடங்கும் ஸ்பாம்அசாசின் அடைவில் இருக்கும். அமாவிஸ் என்ற மெயில் சோதனை நிரல் வழியாக மெயில் போகிறது என்றால் கதையே வேறு. அங்கே ஸ்பாம்அசாசின் அமாவிஸுக்குள்ளேயே ஓடும், யூசரும் அமாவிஸின் யூசர்தான், விதி மாறினால் மறுதொடக்கம் செய்ய வேண்டியதும் அமாவிஸைத்தான்.

இந்த யூசர் பெயரை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்று மாதம் தொலைத்தது இந்த ஒரு சொல்லைத்தான்.

## படி 1: எலும்புக்கூடு

பாஷில் எழுதுங்கள். முதல் வரியில் பாஷின் பாதை. அடுத்த வரியில் செட் கட்டளையோடு வழக்கமான மூன்று காவல்கள்: பிழை வந்தால் நிற்பது, வரையறுக்காத மாறியைத் தொட்டால் நிற்பது, பைப்பில் நடுவில் இருக்கும் கட்டளை தோற்றாலும் தோல்வியாக எண்ணுவது. கடைசிக் காவலின் பெயர் பைப்ஃபெயில். பேக்கப்பைச் சுருக்கும்போது அது இல்லாவிட்டால், கற்றதை வெளியே கொட்டும் கட்டளை தோற்றாலும் ஜிஜிப் வெறுமையைச் சுருக்கிவிட்டு 0 என்று நல்ல சேதி சொல்லும்.

அப்புறம் பாத் மாறியை, அதாவது கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியலை, நீங்களே முழுதாக எழுதிவிடுங்கள். கிரான் தரும் பாத் மிகச் சிறியது, டெர்மினலில் ஓடியது இரவில் ஓடாமல் போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். யூமாஸ்க்கை 077 என்று வையுங்கள். தற்காலிகக் கோப்புகளில் இருக்கப்போவது மற்றவர்களின் கடிதங்கள், அவற்றை யாரும் எட்டிப்பார்க்கக் கூடாது.

இரண்டு பிரதிகள் ஒரே நேரத்தில் ஓடாமல் பார்த்துக்கொள்ள எஃப்லாக் என்ற பூட்டுக் கட்டளை போதும். எக்செக் கொண்டு ஒரு பூட்டுக் கோப்பை 9-ஆம் கோப்பு எண்ணில் (ஃபைல் டிஸ்கிரிப்டரில்) திறந்து, காத்திருக்காத ஆப்ஷனோடு எஃப்லாக்கைக் கூப்பிடுங்கள். பூட்டு கிடைக்காவிட்டால் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு வெளியேறுங்கள். டச் கட்டளையால் பூட்டுக் கோப்பு உருவாக்கி, முடிவில் அழிக்கும் பழைய முறை வேண்டாம். நடுவில் மின்சாரம் போனால் கோப்பு அப்படியே நின்றுவிடும், அதன் பிறகு ஸ்கிரிப்ட் என்றைக்கும் ஓடாது. எஃப்லாக்கின் பூட்டு பிராசஸ் செத்தால் தானாக விடுபடும்.

தற்காலிக அடைவை மேக்டெம்ப் உருவாக்கட்டும். அதை அழிக்கும் வேலையை ட்ராப் கொண்டு வெளியேறும் கணத்தோடு கட்டிவிடுங்கள். செய்திகளை லாகர் கட்டளை மூலம் சிஸ்லாகுக்கு, அதாவது சர்வரின் பொது லாகுக்கு, அனுப்புங்கள்.

## படி 2: விதிகளைப் புதுப்பிப்பது

எஸ்ஏ-அப்டேட் என்ற கட்டளை புதிய விதிகள் இருக்கின்றனவா என்று டிஎன்எஸ் (இணையப் பெயர்களைத் தேடும் முறை) வழியாகக் கேட்கும். இருந்தால் இறக்கி, ஜிபிஜி கையொப்பத்தைச் சரிபார்த்து நிறுவும். கையொப்பச் சோதனையை அணைக்கும் ஆப்ஷன் ஒன்று உண்டு. சாவி தொடர்பான பிழை வரும்போது அதைப் போட்டுத் தப்பிக்க ஆசை வரும், போடாதீர்கள். வெளியிலிருந்து வரும் விதிகள் உங்கள் மெயிலுக்குத் தீர்ப்பு சொல்லப்போகின்றன.

இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. யூனிக்ஸில் ஒரு கட்டளை முடியும்போது தரும் எண், அதாவது எக்ஸிட் கோடு, 0 என்றால் வெற்றி, மற்றதெல்லாம் தோல்வி என்று நாம் பழகியிருக்கிறோம். எஸ்ஏ-அப்டேட்டில் 0 என்றால் புதிய விதிகள் நிறுவப்பட்டன. 1 என்றால் புதிதாக ஒன்றும் இல்லை, எல்லாம் நலம். 2 என்றால் உங்கள் சொந்த அமைப்பே சோதனையில் தேறவில்லை. 3 என்றால் சில சேனல்கள் (விதிகள் வரும் மூலங்கள்) வந்தன, சில வரவில்லை. 4-ம் அதற்கு மேலும் உண்மையான பிழை. முதல் படியில் போட்ட காவல் இந்த 1-ஐப் பார்த்ததும் ஸ்கிரிப்டை அங்கேயே நிறுத்திவிடும். புது விதி வராத நாட்களில் கற்றலும் நடக்காது, பேக்கப்பும் நடக்காது. புது விதி வந்த நாளில் மட்டும் எல்லாம் ஒழுங்காக ஓடும். இதைக் கண்டுபிடிக்க யாருக்கும் கொஞ்ச நாள் பிடிக்கும்.

தீர்வு எளியது. ஒரு மாறியில் 0 வைத்துக்கொண்டு, எஸ்ஏ-அப்டேட் வரியின் முடிவில் || போட்டு எக்ஸிட் கோடை அந்த மாறியில் பிடியுங்கள். பிறகு கேஸ் அமைப்பில் ஐந்து கிளைகள். 0-க்கும் 3-க்கும் மட்டும் ஸ்பாம்அசாசினின் லின்ட் சோதனையை, அதாவது விதிகளிலும் அமைப்பிலும் பிழை உண்டா என்று பார்ப்பதை, ஓட்டி, அது தேறினால் ஸ்பாம்டியை மறுஏற்றம் செய்யுங்கள். 1-க்கு ஒன்றும் வேண்டாம். 2-க்கும், 4-க்கும் அதற்கு மேலும் எச்சரிக்கை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம், பழைய விதிகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

## படி 3: கற்பிக்கும் முன் பேக்கப்

பலரும் பேக்கப்பைக் கடைசியில் வைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்றைக்குத் தவறான மெயில்களைக் கற்பித்துவிட்டால், கற்பித்த பிறகு எடுத்த பேக்கப்பில் அந்தத் தவறும் சேர்ந்தே இருக்கும்.

கற்பிக்கும் கட்டளையான எஸ்ஏ-லேர்னின் பேக்கப் ஆப்ஷன் தரவுத்தளம் முழுவதையும் எளிய உரையாக வெளியே கொட்டும். அதை ஜிஜிப்பில் சுருக்கி, தற்காலிகப் பெயரில் எழுதி, எல்லாம் சரியென்றால் தேதியிட்ட பெயருக்கு மாற்றுங்கள். சரியா என்று பார்க்க, நேற்றைய கோப்போடு அளவை ஒப்பிடுங்கள். பாதிக்கும் கீழே போயிருந்தால் ஏதோ நடந்திருக்கிறது. அன்றைக்குக் கற்பிக்கவும் வேண்டாம், பழைய பேக்கப்பை அழிக்கவும் வேண்டாம், எச்சரிக்கை மட்டும் போகட்டும். 14 நாள் பேக்கப் வைத்துக்கொண்டால் பொதுவாகப் போதும்.

திரும்ப ஏற்றும் ரீஸ்டோர் ஆப்ஷன் இருப்பதை முழுதாகத் துடைத்துவிட்டுத்தான் ஏற்றும் என்பதை மறக்க வேண்டாம். ஒருமுறையாவது வேறு இயந்திரத்தில் ஏற்றிப் பாருங்கள்.

## படி 4: கற்பிப்பது

வேலையின் இதயம் இதுதான், இடறும் இடங்கள் அதிகம் இருப்பதும் இங்கேதான்.

ஸ்பாம்அசாசினுக்குள் கற்கும் பகுதியான பேயஸ் வடிகட்டி மெயிலை டோக்கன்களாக, அதாவது சொல் போன்ற சிறு துண்டுகளாக, உடைத்து, ஒவ்வொரு டோக்கனும் ஸ்பாமில் எத்தனை முறை வந்தது, ஹாமில், அதாவது நல்ல மெயிலில், எத்தனை முறை வந்தது என்று எண்ணி வைத்துக்கொள்கிறது. ஆகவே அதற்கு இரண்டும் வேண்டும். இயல்பு அமைப்பில் குறைந்தது 200 ஸ்பாமும் 200 ஹாமும் கற்ற பிறகுதான் அது மதிப்பெண் கொடுக்கவே தொடங்கும். ஸ்பாமை மட்டும் ஆயிரக்கணக்கில் கொட்டிவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று குழம்புபவர்கள் உண்டு.

எதைக் கற்பிப்பது? ஸ்பாம் ஃபோல்டரை அப்படியே கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அதில் இருப்பதில் பெரும்பகுதி வடிகட்டியே போட்டது, மனிதக் கண் பட்டதில்லை. அதைத் திரும்ப அதற்கே கற்பித்தால், தன் தவறையே தனக்குப் பாடமாக வைத்துப் படிக்கிறது. தானே கற்கும் வசதி ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இயல்பில் 12-க்கு மேல் மதிப்பெண் வாங்கியதை ஸ்பாமாகவும், 0.1-க்குக் கீழே இருப்பதை ஹாமாகவும் எடுத்துக்கொள்ளும். ஸ்பாம் என்று முத்திரை குத்த 5 போதும், தானே கற்க மட்டும் இவ்வளவு ஜாக்கிரதை. அந்த ஜாக்கிரதையை நம் ஸ்கிரிப்ட் கெடுக்கக் கூடாது.

நான் செய்வது: ஒவ்வொருவரின் கணக்கிலும் இரண்டு தனி ஃபோல்டர்கள், ஒன்று 'இது ஸ்பாம்', மற்றது 'இது ஸ்பாம் இல்லை'. தப்பி வந்ததை முதலாவதிலும், தவறாக மாட்டியதை இரண்டாவதிலும் அவர்களே நகர்த்துவார்கள். ஆட்களுக்கு இதைப் பழக்குவது ஸ்கிரிப்ட் எழுதுவதைவிடக் கடினம். செய்திமடலில் சேர்ந்துவிட்டு, விலகச் சோம்பல்பட்டு அதை ஸ்பாம் என்று தள்ளுபவர்கள் எப்போதும் இருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே தரவுத்தளம் என்றால் ஒருவரின் சோம்பல் எல்லோரையும் பாதிக்கும். ஸ்பாமாகக் கற்றதை ஹாமாகக் கொடுத்தால் எஸ்ஏ-லேர்ன் பழையதை மறந்துவிட்டுப் புதியதை ஏற்கும், அதனால் சரிசெய்ய வழி உண்டு.

இனி ஸ்கிரிப்ட். மெயில் கோப்புகளை மெயில் சர்வரின் யூசர் மட்டும்தான் படிக்க முடியும், தரவுத்தளத்தில் வடிகட்டியின் யூசர் மட்டும்தான் எழுத வேண்டும். இரண்டையும் சேர்க்க, ரூட்டாக ஓடும் ஸ்கிரிப்ட் அந்த ஃபோல்டரின் கர் என்ற உள்ளடைவில் இருக்கும் மெயில்களைத் தற்காலிக அடைவுக்கு நகலெடுத்து, உரிமையை வடிகட்டியின் யூசருக்கு மாற்றி, சூடோ மூலம் அந்த யூசராக எஸ்ஏ-லேர்னை ஓட்டட்டும். சூடோவில் மைனஸ் ஹெச் ஆப்ஷனையும் சேர்த்துப் போடுங்கள். யூசர் மாறியும் ஹோம் மாறாமல் நின்றால், நான் விழுந்த அதே குழியில் இன்னொரு பக்கமாக விழுவீர்கள்.

ஒவ்வொரு மெயிலுக்கும் ஒருமுறை எஸ்ஏ-லேர்னைக் கூப்பிடும் லூப் எழுதாதீர்கள். ஒவ்வொரு முறையும் பெர்லும் விதிகள் அனைத்தும் புதிதாக ஏற வேண்டும், நூறு மெயிலுக்கே காத்திருக்க வேண்டியிருக்கும். அடைவை மொத்தமாகக் கொடுங்கள். பல கணக்குகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் நோ-சிங்க் ஆப்ஷன் போட்டுவிட்டு, எல்லாம் முடிந்ததும் தரவுத்தளத்தில் சேர்க்க ஒரே ஒரு சிங்க். இயல்பில் 256 கேபிக்கு மேற்பட்ட மெயில்களை அது தாண்டிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கற்ற பிறகு அந்த மெயில்களை என்ன செய்வது? ஸ்பாமை அழிக்கலாம். ஹாமை அழிக்கவே கூடாது, இன்பாக்ஸுக்குத் திருப்ப வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. நகலெடுத்ததற்கும் அழிப்பதற்கும் இடையில் ஒருவர் புதிதாக ஒரு மெயிலை அந்த ஃபோல்டரில் போட்டிருக்கலாம். ஃபோல்டரைக் காலி செய் என்று எழுதினால் கற்காத மெயிலும் போய்விடும். ஆகவே நகலெடுத்த பட்டியலில் உள்ள பெயர்களை மட்டும் தொடுங்கள். மெயில்டிரில் படித்தது, பதில் போட்டது போன்ற கொடிகள் கோப்புப் பெயரின் கடைசியில், : குறிக்குப் பின் வரும். யாராவது நடுவில் அந்த மெயிலைத் திறந்தால் பெயரே மாறிவிடும். பெயர் காணவில்லையென்றால் பிழையாக எண்ணாமல் விட்டுவிடுங்கள். மறுநாள் திரும்பக் கொடுத்தாலும், ஏற்கெனவே கற்ற மெயிலை எஸ்ஏ-லேர்ன் அடையாளம் கண்டு தாண்டிவிடும். கோப்புகளை நேரடியாகத் தொடுவது பிடிக்கவில்லையென்றால் டவ்காட்டின் நிர்வாகக் கருவியான டவ்ஆட்மினின் மூவ் கட்டளை இதையெல்லாம் உங்களுக்காகக் கவனித்துக்கொள்ளும்.

கடைசியாக, எஸ்ஏ-லேர்ன் எத்தனை மெயிலைப் பார்த்தது, எத்தனையிலிருந்து கற்றது என்று ஒரு வரி சொல்லும். அதை மட்டும் நம்ப வேண்டாம், என்னிடம் அது மூன்று மாதம் உண்மையைத்தான் சொன்னது. ஓட்டும் முன்னும் பின்னும், சூடோ வழியாக அதே யூசராக, டம்ப் மேஜிக் என்ற ஆப்ஷனைக் கூப்பிடுங்கள். ஸ்பாம் எண்ணிக்கை, ஹாம் எண்ணிக்கை, டோக்கன் எண்ணிக்கை மூன்றும் அதில் வரும். வித்தியாசத்தை லாகில் எழுதுங்கள். அமைப்பில் பேயஸ் பாத் என்று தனி இடம் கொடுத்திருந்தால், அந்தக் கோப்பின் மாற்ற நேரமும் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

## படி 5: பழையதைக் கழிப்பது

தரவுத்தளம் தன்னைத்தானே கழித்துக்கொள்ளும். இயல்பில் 1,50,000 டோக்கன்களைத் தாண்டினால் நாள்பட்டுப் பயன்படாதவற்றை நீக்கும். மெயில் சோதனையின் நடுவில் இது தொடங்கி ஒரு மெயிலைத் தாமதப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. அதனால் தானியங்கி நீக்கத்தை அணைத்துவிட்டு, ஃபோர்ஸ்-எக்ஸ்பையர் ஆப்ஷனை இரவில் ஸ்கிரிப்ட் ஓட்டும்படி வைத்திருக்கிறேன்.

ஸ்பாம் ஃபோல்டரில் 30 நாளான மெயிலை அழிப்பது அடுத்தது. கோப்புகளைத் தேடும் ஃபைண்ட் கட்டளை போதும் என்று நினைப்போம். அதில் மூன்று சங்கடங்கள். முதலாவது, கோப்பின் வயதை +30 என்று கொடுத்தால் முழுதாக 31 நாள் ஆனவைதான் சிக்கும், பின்னத்தை அது கணக்கில் எடுக்காது. இரண்டாவது, டெலீட் ஆப்ஷன் நிபந்தனைகளுக்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் போட்டால் நிபந்தனையைப் பார்க்கும் முன்பே எல்லாவற்றையும் அழித்துவிடும். மூன்றாவதுதான் நுட்பமானது. கோப்பை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால் அதன் மாற்ற நேரம் மாறாது. இரண்டு மாதத்துக்கு முந்தைய மெயிலை ஒருவர் இன்று கைதவறி ஸ்பாம் ஃபோல்டரில் போட்டால், இன்றிரவே அது காணாமல் போகும். எடுத்துப் பார்க்க அவருக்கு ஒரு நாள்கூடக் கிடைக்காது.

ஆகவே டவ்காட் இருந்தால் டவ்ஆட்மின் எக்ஸ்பஞ்ச் கட்டளையை, சேவ்ட்-பிஃபோர் நிபந்தனையோடு பயன்படுத்துங்கள். அது மெயில் அந்த ஃபோல்டருக்கு வந்த நாளைப் பார்க்கிறது. எந்த வழியானாலும், முதல் வாரம் அழிக்காமல் பட்டியலை மட்டும் அச்சிடும் ஒத்திகை முறையில் ஓட்டுங்கள். அதற்கென ஒரு மாறி வைத்து, அதன் இயல்பு மதிப்பு ஒத்திகை என்றே இருக்கட்டும்.

## படி 6: டிஎன்எஸ் பட்டியல்கள் பதில் தருகின்றனவா

இதை யாரும் பராமரிப்பில் சேர்ப்பதில்லை. ஸ்பாம்ஹவுஸ் போன்ற தடுப்புப் பட்டியல்கள் டிஎன்எஸ் வழியாக இயங்குகின்றன. 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர், அதாவது டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தேடித் தரும் சர்வர், வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹவுஸ் சரியான பதில் தராது. வடிகட்டி புகார் சொல்லாமல் அந்த விதிகளை இழந்து ஓடிக்கொண்டிருக்கும்.

சோதனை எளிது. 127.0.0.2 என்ற முகவரி எப்போதும் பட்டியலில் இருக்கும் சோதனை முகவரி. அதைத் திருப்பிப் போட்டு, ஸ்பாம்ஹவுஸின் ஜென் பட்டியலில் டிக் கட்டளையால் கேளுங்கள். பதிலே வராவிட்டாலோ 127.255.255.254 என்று வந்தாலோ எச்சரிக்கை எழுதுங்கள். மருந்து, சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற சொந்த ரிசால்வரை வைப்பது. அதுவும் கேள்வியை வேறு பொது ரிசால்வருக்குத் தள்ளிவிடாமல் தானே தேடும்படி அமைக்க வேண்டும்.

## படி 7: சோதித்து, கிரானில் போடுவது

பாஷின் மைனஸ் என் ஆப்ஷன் தொடரியல் பிழைகளைப் பிடிக்கும், ஷெல்செக் என்ற சோதனைக் கருவி அதற்கு மேலும் பிடிக்கும். மேற்கோள் குறி போடாத மாறிகளை அது காட்டும்போது அலுத்துக்கொள்ளாமல் திருத்துங்கள். அழிக்கும் கட்டளைக்குப் பக்கத்தில் மேற்கோள் இல்லாத மாறி இருப்பது நல்லதல்ல. பிறகு ஜிட்யூப் என்ற சோதனைச் சரத்தை உடலில் வைத்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்புங்கள். ஸ்பாம்அசாசின் அதற்கு 1000 மதிப்பெண் கொடுத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் மெயில் வடிகட்டியின் வழியாகவே போகவில்லை என்று பொருள்.

கிரான் வரியில் % குறிக்குத் தனிப் பொருள் உண்டு, அது புது வரியாக மாறிவிடும். தேதி வடிவத்தையோ ரேண்டம் கணக்கையோ அங்கே எழுதினால் வரி பாதியில் அறுந்துபோகும். எல்லாவற்றையும் ஸ்கிரிப்டுக்குள் வைத்து, கிரானில் நேரமும் பாதையும் மட்டும் எழுதுங்கள். எல்லோருடைய சர்வரும் மணி அடித்ததும் ஒரே நேரத்தில் விதிகளைக் கேட்காமலிருக்க, ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் சில நிமிடம் ஏதோ ஓர் அளவு தூங்கட்டும்.

ஆர்ஸ்பாம்டி என்ற வேறு வடிகட்டியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கற்பிக்கும் கட்டளையின் பெயரும் தரவு இருக்கும் இடமும் மாறும். நான்காவது படியில் சொன்ன ஃபோல்டர் ஒழுங்கும் அழிக்கும் ஒழுங்கும் அப்படியே பொருந்தும்.

என் ஸ்கிரிப்ட் இப்போது, கற்றேன் என்று சொல்லியும் டம்ப் மேஜிக்கின் எண்கள் அசையவில்லையென்றால் எனக்கு ஒரு மெயில் அனுப்புகிறது. அதில் தோற்ற படியின் பெயரும் எண்களும் மட்டும்தான் இருக்கும். முதல் பதிப்பில், உதவியாக இருக்கட்டும் என்று கற்காத ஸ்பாம்களின் தலைப்புகளையும் சேர்த்து எழுதியிருந்தேன். அந்த எச்சரிக்கைகள் எல்லாம் ஸ்பாம் ஃபோல்டருக்குள் கிடந்தன.